உயிரோடிருந்தவளைக் காணவில்லை என்று எழுதினேன்

நான் பொய்ச் சத்தியம் செய்தவன். என் கண் முன்னால் நின்று எனக்குத் தேநீர் ஊற்றித் தந்த ஒரு பெண்ணை, ‘தேடினேன், காணவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்தேன். அந்தத் தாள் இன்றும் அங்கே ஒரு கோப்புக்குள் கிடக்கிறது. அதில் என் முழுப்பெயர் இருக்கிறது. என் விலாசமும் இருக்கிறது.

இதை வேறு எவரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்குக் கூட எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

என்னை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பாரிஸில், கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா சப்பல் பக்கம் நடந்து வந்தால், போட்டோ கொப்பி எடுக்கும் ஒரு சிறு கடை வரும். அதன் மூலையில் ஒரு மேசை. அங்கிருந்து நம்மவர்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். வதிவிட அட்டை, பிறப்புப் பதிவு, ஊர் அலுவலகங்களுக்கான கடிதங்கள்... பிரெஞ்சு தெரியாதவர்களின் ‘பப்பியே’ என்ற பத்திரங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். “அண்ணை எழுதினால் பிழைக்காது” என்பார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் நான் குனிந்து அடுத்த படிவத்தை எடுப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

2009இல் இலங்கையில் போர் முடிந்தபோது என் தங்கை சுதா பாரிஸுக்கு வந்து இரண்டு வருடம். ரஞ்சன் என்பவனை அவள் விரும்பினாள். அவன் என்னோடு ஒரே உணவகத்தில் வேலை செய்தவன், நல்லவன் என்றுதான் நானும் நினைத்தேன். ஊரில் அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள். பெயர் தவமலர். கல்யாணம் முடித்து ஆறு மாதத்தில் அவளை விட்டுவிட்டு இவன் இங்கு வந்தவன். கடைசிப் போருக்குப் பின் அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை என்றான். சொல்லும்போது அழுதான். நாங்கள் நம்பினோம். அப்படிக் காணாமல் போனவர்கள் அப்போது எத்தனை ஆயிரம்!

கோயிலில் தாலி கட்டியாயிற்று. சட்டப்படி பதிவு செய்வதற்கு மட்டும், முதல் கல்யாணம் முறிந்தது என்ற தீர்ப்புத் தேவைப்பட்டது. ஊரில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, வடக்கே ஒரு சிறிய ஊரின் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டான். மனைவியின் இருப்பிடம் தெரியவில்லையென்றால், யாராவது ஒருவர் நேரில் போய்த் தேடிப் பார்த்துச் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும் என்றார் சட்டத்தரணி. ரஞ்சனுக்கு அகதி அந்தஸ்து, ஊருக்குப் போக முடியாது. எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்திருந்தது. 2010இல் நான் போனேன்.

உண்மையாகத் தேடவே போனேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்!

மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன்.

முகாமிலிருந்து விடுபட்டு, வவுனியாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். தகரக் கூரை. மெலிந்து, முழங்கைக்குக் கீழே காயத்தழும்போடு வந்து நின்றாள். ரஞ்சனின் சினேகிதன் என்று நான் சொன்னதும் அவள் முகம்... அதை எப்படி எழுதுவது? பால்மா இல்லை என்று வெறுந்தேநீர் ஊற்றித் தந்தாள்.

“அவர் சுகமா இருக்கிறாரோ அண்ணை? என்ரை போன், அவற்றை நம்பர் எல்லாம் இடம்பெயர்ந்து வரேக்கை துலைஞ்சு போச்சு. நான் இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

ஒரு கொப்பித்தாளைக் கிழித்து, பக்கத்து வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதி என் கையில் தந்தாள்.

அன்று மாலையே ரஞ்சனுக்கு அழைத்தேன். “அவள் உயிரோடை இருக்கிறாளடா” என்றேன். அவன் மெல்லச் சொன்னான்.

“சுதாவுக்கு இப்ப மூண்டு மாசம், மச்சான். நீ ஒருத்தரையும் காணேல்லை. அவ்வளவுதான்.”

என் தங்கை கர்ப்பிணி என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன்.

நான் அவனைத் திட்டியிருக்கலாம். மறுநாளே அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லையே! இரண்டு நாள் விடுதி அறையில் படுத்துக்கிடந்தேன். மூன்றாம் நாள் சமாதான நீதவான் ஒருவர் முன்னால் போய் நின்றேன். ‘உறவினர்களிடமும் அயலவரிடமும் விசாரித்தும் பிரதிவாதியின் இருப்பிடத்தை அறிய முடியவில்லை’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள். வாசித்துப் பார்க்கச் சொன்னார். வாசித்தேன். கையொப்பமிட்டேன். அவள் தந்த கொப்பித்தாளை விமானத்தில், முன்னிருக்கையின் பைக்குள் செருகிவிட்டு இறங்கினேன்.

வழக்குப் பற்றிய அறிவித்தல் ஏதோ ஒரு பத்திரிகையின் மூலையில் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே பத்திரிகை எங்கே போகும்? அவள் வராமலே தீர்ப்பாயிற்று. ரஞ்சனும் சுதாவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பாரிஸின் புறநகரான பொண்டியில் வீடு எடுத்தார்கள். இப்போது இரண்டு பிள்ளைகள். முதல் மனைவி போரில் காணாமல் போனவள் என்றுதான் சுதா இன்றுவரை நினைக்கிறாள். வருடத்தில் ஒரு நாள் அவளுக்காகக் கோயிலில் விளக்குக் கூட ஏற்றுகிறாள்...

ஆறு வருடம் கழித்து ஒரு முற்பகலில், என் மேசைக்கு முன்னால் அந்த விளக்குக்குரியவள் வந்து உட்கார்ந்தாள்.

நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். முழங்கைத் தழும்புதான் முதலில் தெரிந்தது. நிமிர எனக்குத் துணிவு வரவில்லை.

“அண்ணை, நீங்கள் எல்லே அண்டைக்குப் பெரியம்மா வீட்டை வந்தனீங்கள்?”

ஓம் என்றேனா, தலையாட்டினேனா, நினைவில்லை. அவள் சிரித்தாள். தெரிந்த முகம் ஒன்றைக் கண்ட நிம்மதிச் சிரிப்பு! ஊரில் இனி இருக்க முடியாமல் இங்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தாள். ஸ்தேன் என்ற புறநகரில் மச்சாள் ஒருத்தியோடு தங்கி, ஒரு சமையலறையில் வேலை. விசாரணையில் தன் கணவன் பிரான்சில்தான் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறாள். அதிகாரி அவனுடைய கோப்பைக் கணினியில் பார்த்துவிட்டு, ‘உங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டதே’ என்றாராம். தீர்ப்பின் பிரதியைக் கொண்டுவந்தால்தான் அவளுடைய குடும்ப நிலைப் பத்திரம் முடியும்.

“நான் கோட்டு வாசலையே மிதிக்கேல்லை. எனக்கெப்பிடி அண்ணை விவாகரத்து நடந்தது?”

நான் பேனையைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

“அண்டைக்கு அவரிட்டைச் சொன்னனீங்களோ, நான் இருக்கிறன் எண்டு?”

“சொன்னனான். பிறகு ஆளோடை எனக்குத் தொடர்பில்லை.”

எவ்வளவு இலகுவாக வந்தது அந்தப் பொய்! முந்தின ஞாயிறுதான் அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தேன்.

எந்த நீதிமன்றம் என்று அவளுக்குத் தெரியாது. “பெரும்பாலும் கொழும்பாத்தான் இருக்கும்” என்றேன். தெரிந்துகொண்டே பிழையான நீதிமன்றத்துக்கு, மிக அழகான தமிழில், ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அவள் கையொப்பமிட்டாள். நான்கு மாதம் கழித்து, ‘அவ்வாறான வழக்கு எதுவும் எமது பதிவேட்டில் இல்லை’ என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவள் நான்காய் மடித்துக் கைப்பையில் வைத்த விதத்தைப் பார்த்தும், நான் உண்மையைச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு பொண்டிக்குப் போய், வீட்டுப் பின்புறத்தில் ரஞ்சனிடம் சொன்னேன். அவன் முகம் வெளிறிவிட்டது.

“நீ எழுதிக் குடுக்காதை. வேறை ஆரிட்டையும் போகட்டும்.”

“வேறை ஆரும் எழுதினா முழுக் கோப்பும் வரும். அதிலை இருக்கிறது உன்ரை பொய்யில்லையடா, என்ரை பெயர்!”

“ரெண்டு பேரும் அங்கை என்ன குசுகுசுக்கிறீங்கள்? சோறு ஆறுது!” என்று உள்ளிருந்து சுதா கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டோம். மூத்தவள் தன் பள்ளிக்கூடக் கதையைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

யாருக்கோ கேட்பதுபோல ஊரில் ஒரு சட்டத்தரணியிடம் தொலைபேசியில் விசாரித்தேன். அறிவித்தல் கிடைக்கவில்லை, உயிரோடுதான் இருந்தேன் என்று அந்தப் பெண் காட்டினால், தீர்ப்பையே நீக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். “பொய்ச் சத்தியக் கடதாசி குடுத்தவரின்ரை பாடு வேறை. அது குற்றம்.” தீர்ப்பு நீங்கினால் என் தங்கையின் கல்யாணம் என்னாகும்? அந்தப் பிள்ளைகளின் பத்திரங்கள்? அன்றிலிருந்து தபால்காரர் கடைக்குள் வரும்போதெல்லாம் உறைகளில் ஊர் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைக் கதவில் சீருடையின் நிழல் விழுந்தால், எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அடுத்த முறை அவள் ஏறக்குறைய ஓடி வந்தாள். அகதிகள் அலுவலகமே கடிதம் அனுப்பியிருந்தது. நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்பின் திகதி, எல்லாம் அதில் இருந்தன.

“இனிச் சுகம் எல்லே அண்ணை? எழுதுங்கோ!”

இனி எங்கே திசை திருப்புவது? எழுதினேன். ஆனால் என்ன எழுதினேன் என்பதைக் கேளுங்கள். ‘முழு வழக்கேட்டின் பிரதி’ என்று கேட்டிருக்க வேண்டும். ‘தீர்ப்பாணையின் பிரதி மட்டும்’ என்று கேட்டேன். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை எழுதும்போது எனக்குச் சிறு தயக்கமும் இருக்கவில்லை.

பிரதி வந்தது. இரண்டே தாள். என் பெயர் எங்கும் இல்லை. நான் அதைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு அனுப்ப எடுத்தபோது, அவள் விரலை வைத்து மறித்தாள்.

“இதிலை ‘சமர்ப்பிக்கப்பட்ட சத்தியக் கடதாசியின் பிரகாரம்’ எண்டு கிடக்கு. ஆற்றை சத்தியக் கடதாசி?”

“ரஞ்சன் குடுத்ததா இருக்கும்.”

“அவர் இஞ்சை இருந்துகொண்டு, அங்கை என்னை எப்பிடித் தேடினவர்?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி பேசினாள்.

“எனக்கு அந்தாள் வேண்டாம் அண்ணை. அவர் ஆரோடையும் சந்தோசமா இருக்கட்டும். நான் செத்தவளில்லை. காணாமல் போனவளுமில்லை. அந்த வீட்டிலைதான் இருந்தனான். என்னைக் காணேல்லை எண்டு சத்தியம் பண்ணினது ஆர் எண்டு மட்டும் எனக்குத் தெரியவேணும்.”

அதுதான் தருணம். ‘நான்’ என்ற ஒரே ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன்... என் பின்னால் யாரோ போட்டோ கொப்பிக்கு வந்து நின்றார். “அதெல்லாம் இவ்வளவு காலம் வைச்சிருக்க மாட்டாங்கள், தங்கச்சி” என்றேன்.

அவளுக்கு வதிவிட அட்டை கிடைத்தது. அதன் பிறகு ஒரு வருடம் அவள் வரவே இல்லை. இதோடு முடிந்துவிட்டது என்று நான் நினைக்கத் தொடங்கினேன். பயம் விட்டுப் போனதென்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் மூச்சு விட்டேன், அவ்வளவுதான்.

போன வியாழன் தொலைபேசியில் அழைத்தாள். நீண்ட நாள் கதைக்காததற்கு மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்!

ஸ்தேன் மச்சாளின் தங்கை ஊரில் அரசாங்க வேலை பார்க்கிறாளாம். அவள் நேரே அந்த நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறாள். பழைய கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவாம். முழு வழக்கேட்டுக்கும் விண்ணப்பம் கொடுத்தாயிற்று, அடுத்த கிழமை பிரதி கிடைக்கும், ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து அனுப்புவாளாம்.

“வந்த உடனை உங்களட்டைத்தான் கொண்டு வருவன், அண்ணை. அந்தக் கோட்டுத் தமிழ் எனக்கு விளங்காது. நீங்கள்தான் ஒவ்வொரு வரியா வாசிச்சுச் சொல்லோணும். வேறை ஆரையும் எனக்கு நம்பிக்கையில்லை.”

முந்திக்கொண்டு அவளிடம் போய்ச் சொல்லிவிடு என்று நீங்கள் சொல்வீர்கள். ஐந்து நாட்களாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்தேனுக்குப் போகும் பஸ் தரிப்பிடம் வரை இருமுறை போய்த் திரும்பிவிட்டேன். பொண்டிக்கும் போகவில்லை. சுதாவின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லவில்லை.

அன்று தொலைபேசியில் தவமலர் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

ஓம், கொண்டு வாங்கோ, வாசிச்சுச் சொல்லுறன் என்று சொல்லிவிட்டேன்.