கூட்டம் இருந்தால் பயமில்லை

அருவியைப் படம் பிடித்துக் காட்டினால், குளிக்கலாமா கூடாதா என்று சொல்லும் செயலி ஒன்றைத் தென்காசியில் வீட்டிலிருந்தே செய்தேன். படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் அதன் நியூரல் நெட்வொர்க்கை, குற்றால அருவிகளின் பழைய படங்களைக் காட்டிப் பழக்கினேன். சோதனையில் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சாரல் நாளில் அண்ணன் மனைவியோடு ஐந்தருவிக்குப் போனேன். குளித்துக்கொண்டிருந்த மதினி கரைக்கு வந்தார்.

“ஏட்டி, தண்ணி கலங்கி வருது. போயிருவமா?”

படம் பிடித்துப் பார்த்தேன். “பயமில்லன்னு காட்டுது மதினி. இத்தன பேரு குளிக்காவல்லா, நீங்களும் போங்க.”

போனார். சற்று நேரத்தில் வெள்ளம் இரைந்து வந்தது. யாரோ ஒரு பெண் மதினியின் முடியைப் பிடித்து இழுத்திராவிட்டால் அவர் இன்று இல்லை.

வீட்டில் அந்தப் பழைய படங்களை மறுபடி பார்த்தேன். வெள்ளப் படங்களில் ஆளே இல்லை. மற்றவற்றில் எல்லாம் கூட்டம். செயலி தண்ணீரைப் பார்க்கக் கற்கவே இல்லை, ஆட்களைத்தான் பார்த்திருக்கிறது. நான் சோதித்ததும் அதே மாதிரிப் படங்களை வைத்துத்தான்.

செயலியை அழித்துவிட்டேன். ஆனால் கலங்கிய தண்ணீரைக் கண்ணால் பார்த்தும், கூட்டத்தைக் காட்டி மதினியை அனுப்பியது நான். “அந்தப் போனு பொய் சொல்லிட்டுது, இவ என்ன செய்வா?” என்று மதினி எல்லாரிடமும் சொல்கிறார்.

நான் இதுவரை மறுத்துப் பேசவில்லை.