மூன்று ஊரில் கட்டிய பந்தயம்

மலேரியாக் காய்ச்சல் ஓய்ந்ததற்கு அடுத்த ஆண்டு என்பதால் இது 1936 ஆகத்தான் இருக்க வேண்டும். 1937 என்று என் அண்ணன் இன்றும் வாதிடுவான். அவன் அப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தவன், அவன் சாட்சி செல்லாது. மாதம் ஆகஸ்ட் என்பதில் சந்தேகமில்லை. கண்டிப் பெரஹெரா ஊர்வலம் முடிந்து, யானைகள் எங்கள் ஊரான கட்டுகஸ்தோட்டையின் ஆற்றில் குளித்துவிட்டுப் போயிருந்தன.

அந்த ஆண்டுதான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். அவர் கண்டியில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியர், முப்பது தாண்டியவர். பெண், கம்பளையில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளியின் மகள். முதலாளி சம்பளத்தைப் பற்றிக்கூட அதிகம் விசாரிக்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா என்று மட்டும் கேட்டனுப்பினார். அம்மா, “எங்க தம்பி சீட்டுக்கட்டக்கூட தொட்டதில்லங்க” என்று பதில் அனுப்பினார். அது உண்மைதான். சீட்டாட்டத்தில் அதிர்ஷ்டம் கலந்திருப்பதால் சித்தப்பா அதை மதிப்பதில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் உதைபந்தாட்டக் குழுவுக்கும் கம்பளைக் குழுவுக்கும் கண்டியில் போட்டி வந்தது. எங்கள் கடைத்தெருவில் சலூன்காரர் பந்தயம் பிடித்தார். கம்பளை வெல்லும் என்று எங்கள் ஊரில் எவன் காசு கட்டுவான்? அதனால், அப்படிக் கட்டி, கம்பளை வென்றும்விட்டால், ஒரு ரூபாய்க்கு நான்கு ரூபாய் தருவதாக அறிவித்திருந்தார். முகம் மழிக்கப் போயிருந்த சித்தப்பா பாதி முகத்தில் நுரையோடு யோசனையில் ஆழ்ந்துவிட்டார். அப்படியானால் கம்பளையில் இதே கதை தலைகீழாக நடக்க வேண்டுமே? நடந்தது. அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடைக்காரர், கட்டுகஸ்தோட்டை வென்றால் ஒன்றுக்கு நான்கு என்றார். மிஞ்சியது சமநிலை. கலகெதரவில் ஒரு பஸ் கண்டக்டர் பந்தயம் பிடித்தார். இருவர் மோதினால் ஒருவன் விழத்தானே வேண்டும் என்று நம்பிய ஊர் அது. சமநிலைக்கு அங்கேயும் ஒன்றுக்கு நான்கு.

சித்தப்பா அடுக்களைக்கு வந்து, சுட்டு வைத்திருந்த வடைகளில் மூன்றை எடுத்து அம்மாவின் முன்னால் வரிசையாக வைத்தார்.

“அண்ணி, மூணு ஊர்ல ஒவ்வொரு ரூபா. மொத்தம் மூணு. ஆட்டம் எப்படி முடிஞ்சாலும் ஏதாச்சும் ஒரு ஊர்ல நாலு ரூபா வந்துரும். தோக்கவே முடியாது.”

“தோக்க முடியாதுன்னா அது சூதாட்டம் இல்லையா தம்பி?”

“இல்ல அண்ணி. கூட்டல் கணக்கு.”

“கூட்டலோ கழித்தலோ, கல்யாணம் முடியிற வரைக்கும் ஒழுங்கா இருங்க. சம்பந்தம் கெட்டுதுன்னா இன்னொரு பொண்ணுக்கு நான் எங்க போவேன்? வடைய எடுத்த எடத்துல வைங்க.”

ஆனால் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டு வரத் தெரியாதவர் அவர். சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறவனை யாரும் சூதாடி என்று நினைக்கமாட்டார்கள் என்பதால், எனக்குச் சட்டைத்துணி பார்ப்பதாகச் சொல்லி என்னை மூன்று ஊருக்கும் அழைத்துப் போனார். ஒவ்வோர் ஊரிலும் அவர் பத்து ரூபாய் கட்டினார். நான் ஒரு பணிஸ் தின்றேன். சட்டைத்துணி எங்கும் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னோம்.

ஆட்டத்தன்று மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக இடம் பிடித்தோம். பந்தயம் பிடித்த மூவரும் பக்கத்திலேயே இருந்தார்கள். நான்கு வரிசை முன்னால், குடை பிடித்துக்கொண்டு கம்பளை முதலாளி.

கம்பளை முதல் கோலைப் போட்டது. சித்தப்பா எழுந்து கைதட்டினார். எங்கள் ஊரார் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் குழு பதிலுக்கு ஒன்று போட்டது. அதற்கும் தட்டினார். கம்பளையார் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நெடுநேரம் யாரும் எதுவும் போடவில்லை. அதற்கும் ஒருமுறை தட்டினார். சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை.

“மாஸ்டர், எங்கிட்ட கம்பளைக்குக் காசக் கட்டிட்டு நம்ம ஆளு கோலுக்கு எதுக்கு கை தட்டுறீங்க?”

“கம்பளைக்கா? எங்கிட்ட கட்டுகஸ்தோட்டைக்குல்ல கட்டியிருக்காரு” என்றார் தேநீர்க்கடைக்காரர்.

கண்டக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “எங்கிட்ட ரெண்டு பேருமே ஜெயிக்கக் கூடாதுன்னு கட்டினாரு.”

“நீங்க எந்தப் பக்கந்தான் மாஸ்டர்?” என்றார் சலூன்காரர்.

“பக்கம் பாத்தா நட்டம் வந்துரும்” என்றார் சித்தப்பா, மாணவனுக்குச் சொல்வதுபோல. மூன்று ஊராருக்கும் கோபம் ஒரே நேரத்தில் வந்தது. எங்கிருந்தோ ஒரு வாழைப்பழத்தோல் வந்து அவர் தோளில் விழுந்தது. முதலாளி குடையைத் தாழ்த்தித் திரும்பி, அவரை ஏற இறங்கப் பார்த்தார். சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். முடியும் தறுவாயில் எங்கள் ஊர் இன்னொரு கோல் போட்டு வென்றது. அப்போது மட்டும் அவர் தட்டவில்லை.

செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா அவருக்குச் சோறு போட்டார்; பேச்சை நிறுத்திவிட்டார். சம்பந்தம் முடிந்தது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமை, முதலாளி தாமே வந்து கதிரையில் உட்கார்ந்தார். அம்மா கோப்பி கொடுத்தார். முதலாளி சித்தப்பாவிடம் கேட்டார்:

“மூணு ஊர்லயும் கட்டச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலங்க. கணக்குப் பண்ணேன்.”

“ஒரு ஊர்க்காரன் நாலுக்குப் பதிலா மூணு தாறேன்னு சொல்லியிருந்தா?”

“அந்த ஊர்ல கொஞ்சம் கூடக் கட்டியிருப்பேன். அப்பவும் மிஞ்சும்.”

முதலாளி கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு, “நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்கம்மா” என்றார்.

தையில் கல்யாணம் நடந்தது. சித்தப்பா ஆசிரியர் வேலையை விட்டு மாமனாரின் கடையில் உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் ஒரு சதம்கூடப் பந்தயம் கட்டவில்லை. கதிர்காமத்தானுக்கு நேர்ந்துகொண்டதால்தான் கொழுந்தன் திருந்தினார் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். தேநீர்க்கடைக்காரருக்கு முதல் போட்டு வைத்திருந்தவரே அந்த முதலாளிதான், சித்தப்பா வென்ற நாற்பது ரூபாய் அவருடைய பெட்டியிலிருந்துதான் போனது என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு காதில் விழுந்தவை.

அடுத்த ஆண்டு சலூன்காரர் புலம்பத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று ஊரிலும் இப்போது ஒரே விலையாம்; கட்டுகிறவனுக்கு ஓர் ஓட்டைகூடக் கிடையாதாம்; கம்பளையில் யாரோ பெரிய மூளைக்காரன் உட்கார்ந்து போடுகிறானாம். தீபாவளிக்குச் சித்தப்பா விருந்துக்கு வந்தபோது, அது யாராக இருக்கும் என்று கேட்டேன்.

“கணக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கும்” என்றார், இலையிலிருந்து தலையை எடுக்காமல்.

“பழசெல்லாம் எதுக்குடி கேக்குற, அவரே விட்டுட்டாரு” என்று என்னை அதட்டிவிட்டு, அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். அவ்வளவு பெரிய மூளைக்காரன் கொழும்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நான் எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.