விபூதியும் கழுத்துக் குழாயும்

தொண்ணூறுகளின் நடுவில், காக்ஸ் டவுன் பக்கம் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன லக்கேஜ் ஆட்டோவிலிருந்து கட்டடக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் ஒரு சிவப்புத் துணி வேறு, பெரிய பாதுகாப்பு! ஆட்டோக்காரர் திடீரென்று பிரேக் போட்டார். ஒரு கம்பி என் கழுத்தில் இறங்கியது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கிழிந்த மூச்சுக்குழலைத் தைத்து, அதற்குக் கீழே ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகியிருந்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான்; குரல் இல்லை. நான் டெலிபோன் ஆபரேட்டர். குரல் போனால் வேலையும் போச்சு.

அந்தக் கவலையையும் மீறி எனக்கு என்மேலேயே அருவருப்பு. நர்ஸ் அடிக்கடி வந்து, குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டுச் சளியை உறிஞ்சுவார். இளநீர் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை விடாமல் உறிஞ்சுகிற சத்தம். பாட்டிலில் மஞ்சளும் ரத்தமுமாகச் சேரும். அது என்னுடையது என்று நினைத்தாலே குமட்டும்.

மாமியார் கோயில் விபூதியோடு பார்க்க வந்தார். எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர் நெற்றியில் இட்டுவிட்டு, கையில் இருக்கும் மிச்சத்தை முகத்தில் ஊதுவார். இங்கேயும் ஊதினார். அத்தனையும் குழாய்க்குள் போனது. நான் இருமிய இருமலில் சாம்பல் நிறச் சளி அவர் புடவையில் தெறித்தது.

"பாத்தியா, கெட்டதெல்லாம் வெளிய வருது" என்றார். நர்ஸ் அவரை வெளியே அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் சின்னக் குழாயாக மாற்றினார். "கைய நல்லாக் கழுவிட்டு, வெரலால ஓட்டைய மூடிப் பேசிப் பாருங்கம்மா. நரம்பு நல்லா இருந்தா குரல் வரும்" என்றார். என்னால் முடியவில்லை. அந்த ஈரத்தில் விரல் வைப்பதா? டாக்டரே மூடிவிட விரலைக் கொண்டுவந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குரல் வராவிட்டால் என்ற பயமும்தான். அருவருப்பு என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது.

மறுநாள் மாமியார் மறுபடியும் வந்தார். நெற்றியில் இட்டார். உள்ளங்கையில் மிச்சம் இருந்தது. உதட்டைக் குவித்தார். நான் சட்டென்று விரலால் ஓட்டையை அடைத்தேன்.

"ச்சீ! போங்க அந்தப் பக்கம்!"

கரகரவென்று, யாருடையதோ போல ஒரு குரல். விரலில் சளி பிசுபிசுத்தது. மாமியார் அழுதுகொண்டே வராந்தாவுக்கு ஓடினார்.

"டாக்டர், டாக்டர்! என் மருமக என்னைத் திட்டிட்டா!"