கொடிக்காலுக்குள் பதினோரு வருஷம்

பரமத்தி வேலூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சுப்பையனுக்கு வாக்கப்பட்டு வந்தவள் வசந்தாமணி. பெற்ற மூன்று பிள்ளைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. நாலாவதாக ஒரு பையன் எழுபத்து மூன்றாம் வருஷம் பிறந்தான். அவள் பச்சை உடம்பு ஆறுவதற்குள் சுப்பையன் சோசியர் சரவணமுத்துவிடம் ஓடினார். ஏழு வயசு முடிகிறவரை பிள்ளைமேல் அன்னியர் கண் படக்கூடாது, பேர் சொல்லியும் கூப்பிடக்கூடாது என்று சோசியர் சொல்லிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் பிள்ளையின் கன்னத்தில் கரும்பொட்டு ஒன்று வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். சுப்பையன் அப்படிப்பட்டவரில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்.

வீடு என்றால் நாலு பேர் வருவார்கள், போவார்கள். கொடிக்காலுக்கு அப்படி யாரும் வரமுடியாது. அது அம்மன் குடியிருக்கிற இடம். குளிக்காமல் நுழையக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, மாதவிலக்காகித் தூரமான பெண்கள் வரப்பைக்கூட மிதிக்கக்கூடாது. அகத்தி மரங்கள் நெருக்கமாக நிற்பதால் வெளியே இருந்து பார்த்தால் பச்சைச் சுவர் மட்டும்தான் தெரியும். அதன் நடுவே ஒரு குடிசை போட்டுப் பையனை வைத்தார். கொடிக்கும் குழந்தைக்கும் நிழல்தான் நல்லது என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். வெற்றிலை கிள்ள ஆள் வருகிற நாளில் குடிசையை வெளியே பூட்டிவிடுவார். கிள்ள வந்தவர்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இப்படி ஒரு பொறுப்பான அப்பன் வாய்க்க அந்தப் பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஊர் பேசிக்கொண்டது.

சத்தம் போட்டால் கொடி மிரண்டு வாடிவிடும் என்பது சுப்பையனின் இன்னொரு நம்பிக்கை. அதனால் வசந்தாமணி தாலாட்டைக்கூட வாய்க்குள்ளேயேதான் பாடினாள். காலையும் மாலையும் சோறு கொண்டுபோவாள். மாசத்தில் மூன்று நாள் அதுவும் கிடையாது. சுப்பையன் சோற்றுச் சட்டியை வாசலில் வைத்துவிட்டு, கொடியைக் கட்டப் போய்விடுவார். பையனைவிடக் கொடியோடுதான் அவருக்குப் பேச்சு அதிகம்.

ஏழு வயசில் பையனுக்குத் தண்ணீர், சோறு, காக்கா என்று ஒரு கை விரலுக்குள் அடங்குகிற வார்த்தைகள் தெரிந்தன. அவற்றையும் காற்றுப் போலத்தான் சொல்வான். நத்தைகளைப் பொறுக்கி வரிசையாக வைத்து அவற்றிடம் முணுமுணுப்பான். வசந்தாமணிக்கு மிஞ்சிய ஆசை ஒன்றே ஒன்றுதான். அவன் ஒரு வார்த்தையாவது உரக்கச் சொல்லவேண்டும், அதை இன்னொரு பிள்ளை கேட்கவேண்டும்.

கெடு முடிந்ததும் சுப்பையன் பத்துக் கவுளி வெற்றிலையோடு சோசியரிடம் போனார். சனி சரியில்லை, இன்னும் இரண்டு வருஷம் என்றார் சோசியர். ஒன்பது வயசில் மறுபடி பத்துக் கவுளி. இந்தத் தடவை ராகு. சோசியருக்கு அந்தக் கொடிக்கால் வெற்றிலை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"ஏனுங்க, கண்ணு படாம வெச்சிருந்தது சரி. பையனுக்குப் பேச்சே வரலீங்களே" என்று வசந்தாமணி ஒருநாள் புருஷனிடம் கேட்டாள்.

"ஊருக்குள்ள பேசறவனெல்லாம் பேசி என்னத்தக் கண்டான் அம்மிணி? இவனாச்சும் அமைதியா இருக்கட்டும்."

பதினோரு வயசானபோது சுப்பையன் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். இன்னும் மூன்றே வருஷம்தானாம்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வாய்க்கால் கரையில் கத்திக்கொண்டு ஓடினார்கள். பையன் அகத்தி மரத்தில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தான். அவர்கள் கத்தக் கத்த அவனும் வாயை அகலத் திறந்து மூடினான். சத்தம் மட்டும் வரவில்லை. சோற்றோடு வந்த வசந்தாமணி அதைப் பார்த்தாள்.

நாலாம் நாள் அவள் தூரமானாள். வழக்கப்படி மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கியிருக்க வேண்டும். மறுநாள் காலை, குளிக்காமல், செருப்போடு நேராகக் கொடிக்காலுக்குள் நடந்தாள். மடையில் நின்ற சுப்பையனுக்குக் கேட்கும்படி, "நான் தூரமுங்க. உள்ள வந்துட்டேன்" என்றாள். பையன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

சுப்பையன் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். பையன் பின்னால் அல்ல, கொடியை நோக்கி. மஞ்சத்தண்ணி தெளித்து, பூசாரியை வரவழைத்து, ஒவ்வொரு கொடிக்கும் பால் ஊற்றி முடிக்க மத்தியானமாகிவிட்டது. பையன் எங்கே என்று அவர் கேட்டது சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான். அதற்குள் தெருவில் இருந்த எல்லாக் கண்ணும் அவன்மேல் பட்டாயிற்று. இனி ஒளித்து என்ன செய்வது? பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொடியும் வாடவில்லை. பால் ஊற்றியதால்தான் இரண்டும் பிழைத்தன என்று சுப்பையன் இன்றைக்கும் சொல்கிறார்.

பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டார்கள். வெள்ளியங்கிரி என்று வசந்தாமணி முதல்முறையாக உரக்கச் சொன்னாள். அது யார் என்று பையன் திரும்பிப் பார்த்தான். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்கார வைத்தார்கள். முதல் வாரம் முழுக்க பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தான்.

இரண்டு மாசம் கழித்துத் தலைமையாசிரியர் சின்னுசாமி அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். பையனைத் திருப்பிக் கூட்டிப்போகச் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே போனாள். வாத்தியார் உண்மையிலேயே கோபமாகத்தான் இருந்தார்.

"உம்பட பையன் பண்ற அழும்பு தாங்கலம்மா. எவனோ சிலேட்டப் புடுங்கிட்டானாம். 'குடுடா'ன்னு ஒரு கத்துக் கத்துனான் பாரு, அஞ்சாங் கிளாசு வரைக்கும் கேட்டுது."

"அஞ்சாங் கிளாசு வரைக்குமுங்களா?" என்றாள் வசந்தாமணி. பிறகு, அவன் என்ன சொன்னான் என்று இன்னொருதரம் சொல்லச் சொன்னாள்.