நிழல் வரியும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும்

நாவல் எழுதுகிறவர்கள் தங்கள் வாசகர்கள் இருக்கிற தாலுகாவில் குடியிருக்கக் கூடாது. புத்தகம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் நல்லம்பள்ளிக்காரி. இளைஞர்களுக்காக ‘நிழல் வரி’ என்று ஒரு நாவல் எழுதினேன். பதினைந்து வயதானதும் எல்லாரும் தங்கள் நிழலை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டிய ஒரு நாடு. மறுத்துவிட்டு மலைக்கு ஓடுகிற செங்கா என்கிற பெண். இது இரண்டாம் பதிப்பு கண்டால்தான் அடுத்த பாகத்தைப் போடுவேன் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கோ அடுத்த பாகத்துக்கு அட்டைப்படம் வரை மனதில் தயார்.

இறங்க மறந்தவள்

கவிதா எங்கள் ஊர்ப் பெண், தருமபுரியில் நர்சிங் படிக்கிறாள். மாலை பஸ்ஸில் என் நாவலைப் பிரித்திருக்கிறாள். செங்காவின் அண்ணன் நிழல் இல்லாமல் வாசலில் வந்து நிற்கிற இடத்தில் மூழ்கியவளுக்கு, கண்டக்டர் நல்லம்பள்ளி என்று கத்தியது காதில் விழவில்லை. மறுநாள் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்ததற்கு அவள் சொன்னதுதான் காரணம்: “உங்களால தொப்பூர்ல போயி எறங்கி திரும்பி வந்தேங்க்கா. வூட்ல செம திட்டு.”

கற்பனை வளம்

பென்னாகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். செங்காவின் நகரத்தில் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அதுவும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குடியிருப்பார்கள். இந்தக் கொடுமையை யோசித்துப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. உருகி உருகி வாசித்தேன். மகளைக் கூட்டிப்போக வந்திருந்த விவசாயி ஒருவர் பின்வரிசையில் எழுந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “எங்க தெருவப் பத்தி உங்களுக்கு யாருங்க சொன்னது?”

மறுபடியும் தொப்பூர்

அதன் பிறகுதான் சனி பிடித்தது. புத்தகத்தை இரவல் வாங்கிய மூன்று பேர் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றிலும் அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஒட்டியே இருந்தது. நல்லா இருக்குதுங்க என்றார்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

கவிதா பொய் சொல்ல மாட்டாள் என்று அவளைத் தேடிப் போனேன். மிச்சத்தைப் படித்தாயா என்று கேட்டதும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நேத்தும் தொப்பூர்லதாங்க்கா எறங்குனேன். ஆனா இந்த வாட்டி தூங்கிட்டேன்.”

ஒரு எழுத்து

வத்தல்மலையில் இருந்து மல்லிகா என்கிற பிளஸ் ஒன் மாணவி போன் செய்தாள். என் கதையில் மலைக்கு ஓடி வந்த புரட்சிக்காரர்கள் நம் பக்கத்து வழக்கப்படி ‘வூடு’ என்பார்கள். நகரத்து ஒற்றர்கள் ‘வீடு’ என்பார்கள். ஆளை அடையாளம் காண புரட்சிக்காரர்களுக்கு இருந்த ஒரே வழி அந்தச் சொல்தான். புத்தகத்தின் முன்பாதிக்குப் பிழை திருத்தியவர் என்னைக் கேட்டுவிட்டு அதை அப்படியே விட்டார். பின்பாதிக்கு வந்த புதியவரோ, அத்தனை ‘வூடு’களையும் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் ‘வீடு’ ஆக்கிவிட்டார். இது எனக்கே தெரியாது. மல்லிகா பாவம், தன் மேல்தான் தப்போ என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அக்கா, நூத்திப் பதிமூணுலேர்ந்து எல்லாருமே ஸ்பைங்களா? அப்ப செங்கா யாருக்காகச் சண்ட போடுறா?”

திருத்துநர் தரப்பு

எனக்குக் கோபமே வரவில்லை, உண்மையைச் சொன்னால் குளுகுளுவென்று இருந்தது. பின்பாதி படுத்ததற்கு ஆள் கிடைத்துவிட்டார் அல்லவா. பதிப்பாளரைப் போனில் பிடித்துக் குதித்தேன். அவர் பயந்துபோய், திருத்திய இரண்டாம் பதிப்பு போட ஒத்துக்கொண்டார். வேறு ஏதாவது மாற்ற வேண்டுமானால் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். வேறு ஒன்றுமே இல்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அந்தத் திருத்துநரிடமும் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்: “நாலு எடத்துல இருந்தா பேச்சு வழக்குன்னு விட்டிருப்பேன் மேடம். பக்கத்துக்குப் பக்கம் இருந்துச்சு. உங்களுக்கு எழுத வராதுபோலன்னு நெனச்சேன்.”

ஞாயிற்றுக்கிழமை

திருத்திய பக்கங்களை மல்லிகாவுக்கு அனுப்பினேன். நாலு நாள் கழித்து, ஞாயிறு காலை பஸ் பிடித்து நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். முன்பாதியை நான் இரண்டு வருஷம் எழுதினேன். பின்பாதியை, பதிப்பாளர் தேதி குறித்துவிட்டதால், பத்தொன்பது நாளில் எழுதினேன். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தேதான் அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “வூடெல்லாம் சரியாயிடுச்சுங்க்கா. கதைதான் இன்னும் வூடு வந்து சேரல.”

பின்பாதியைப் புதிதாக எழுத வேண்டும் என்று திங்கட்கிழமை அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன்; நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வரைக்கும் நான் எழுத்தாளர், அதற்கு மேல் செங்காவுக்கு என்ன ஆகுமோ என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற வாசகி.