மாமாவின் வலி

எங்கள் குடும்பத்தில் ஒரு நோயைக் குணப்படுத்திய பெருமை எனக்கு ஒரே ஒரு முறை வாய்த்தது. அப்போது எனக்கு ஏழு வயது முடிந்திருந்தது. நோயாளி, என் அம்மாவின் தம்பி. நோய், வலி. அந்தப் பெருமையை வெகுகாலம் யாருக்கும் பங்கு கொடுக்காமல் நான் தனியாகவே அனுபவித்து வந்தேன்.

அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு உபாத்தியாயர் வேலை கிடைத்து, நாங்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து வலியசாலைத் தெருவுக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் அது புது ஊர். அம்மாவுக்கோ பிறந்த ஊர். ஊர் மட்டுமல்ல, பிறந்த தெருவே அதுதான். அவளுடைய பெற்றோர் அடுத்தடுத்துக் காலமாகிவிட, தம்பி யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டு படித்து வந்தார். நாங்கள் வந்து இறங்கிய மறுநாளே அம்மா போய் அவரைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். மாமா அப்போது பி.ஏ. கடைசி வகுப்பு. நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். உள்ளே நுழையும்போதெல்லாம் வீட்டுக்கு வணக்கம் சொல்வதுபோல் குனிந்து வருவார்.

மலையாளம் என்று தனியாக ஒரு பாஷை கிடையாது, தமிழை மூக்கால் பேசினால் அதுதான் மலையாளம் என்பது அப்பாவின் தீர்மானம். ஆகையால் அதைக் கற்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. காதில் விழுந்த சொல்லுக்குத் தமிழில் என்ன பொருளோ அதையே கொண்டு காரியத்தை நடத்தினார். பெரும்பாலும் நடந்தும் விட்டது. மூக்கைப் பற்றிப் பேச அவருக்கு உரிமையும் இருந்தது. கிண்ணத்தை முகர்ந்து பார்த்தே நெய் உருக்கி எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவார். அம்மாவுக்கு அந்த மூக்கிடம் சற்றுப் பயம்தான்.

அப்பாவுக்குக் கோபம் குறைவு, தீர்மானங்கள் அதிகம். சிகரெட் பிடிக்கிறவன் தம் வாசற்படி ஏறக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அம்பாசமுத்திரத்தில் ஒருமுறை அவருடைய சொந்தச் சித்தப்பா பிள்ளை அந்த வாசனையோடு வந்து நின்றபோது, அப்பா அவரிடம் ஊர் ஷேமங்களை எல்லாம் மரியாதையாக விசாரித்துவிட்டு, வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மறுபடி வரவே இல்லை. அப்பாவும் கூப்பிடவில்லை.

மாமா சிகரெட் பிடித்தார். கல்லூரிச் சிநேகிதர்களோடு ஆரம்பித்த பழக்கம். அது வெளிப்பட்டால் அவருக்கு இந்த வீடு இல்லை. இந்த வீடு இல்லாவிட்டால் வேறு வீடும் இல்லை, படிப்பும் இல்லை. இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவின் சட்டைப்பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும் என்பதுதான். கேட்டால் எனக்கும் ஒன்று கொடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவைத் தேடி அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்தார். மலையாளி, சுருட்டை முடிக்காரர், எப்போதும் சிரித்த முகம். அப்பா உள்ளே இலையின் முன் உட்கார்ந்திருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். யார் என்று பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மாமா வீட்டில் இல்லை என்றேன். சிநேகிதர் தெருக்கோடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “எங்கில் அவன் குளத்திண்டெ அவிடெ வலியாயிரிக்கும்” என்றார்.

மலையாளத்தில் ‘வலி’ என்றால் இழுப்பது. புகை இழுப்பதும் வலிதான். குளத்தங்கரையில் புகைத்துக்கொண்டிருப்பான் என்பது அவர் சொன்னதன் பொருள். எனக்குத் தெரிந்த வலி ஒன்றே ஒன்று. “வலியா?” என்று கேட்டேன். குழந்தையிடம் வாய் தவறிவிட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சிரித்து மழுப்பப் பார்த்தார். சிரிப்பு இருமலாக மாறியது. மார்பைக் கையால் அழுத்திக்கொண்டு இருமினார். வலி எந்த இடத்தில் என்று எனக்குக் காட்டுகிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே ஓடினேன்.

“அம்மா, குளத்தங்கரையில மாமாவுக்கு வலியாம்.”

அம்மாவின் கையில் ரசக் கரண்டி இருந்தது. அது இலைக்கு மேலே அப்படியே நின்றது. அப்பாவின் கையும் நின்றது. பிறகு அம்மா என்னைப் பார்த்து, மிகவும் நிதானமாக, “எங்கடி வலி?” என்று கேட்டாள்.

நான் மார்பைத் தொட்டுக் காட்டினேன்.

“நெஞ்சு வலியாக்கும்” என்று அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். “கொஞ்ச நாளாவே இருமறான். நானும் பாத்துண்டுதான் இருக்கேன்.”

அப்பா இலையைப் பார்த்தபடியே இருந்தார். “வலின்னா மருந்து குடுக்கணும். வேற என்ன பண்றது?” என்றார். அதற்குப் பிறகுதான் ரசம் இலையில் விழுந்தது.

மாமா திரும்பி வந்தபோது ஏலக்காய் மணத்தது. அப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பையன்களின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், “ஏண்டா, ஒனக்கு வலியாமே? எத்தனை நாளா?” என்று கேட்டார்.

மாமாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். வலி அப்போதுதான் மறுபடியும் வருகிறது போலும் என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவர் எல்லாம் தெரிந்துபோயிற்று என்று முடிவு செய்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, “ரெண்டு வருஷமா, அத்திம்பேர்” என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிற குரல்.

“ரெண்டு வருஷமாவா? அக்காகிட்டயாவது சொல்லப்படாதோ? பல்லைக் கடிச்சுண்டு பொறுத்துண்டு இருந்திருக்கியே” என்றார் அப்பா.

மாமா விழித்தார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. ஆடாதொடையும் சுக்கும் திப்பிலியும் போட்டுக் குறுக்கிய கஷாயத்தை ஆற்றிக்கொண்டிருந்தாள். “குடி” என்று டம்ளரை நீட்டினாள். மாமா குடித்தார். அந்தக் கஷாயத்தைக் குடித்த முகத்தைப் பார்த்தவர் யாரும் அவருக்கு வலி இல்லை என்று சொல்லியிருக்க முடியாது.

அன்று முதல் வைத்தியம் நடந்தது. போகிற வழியில் வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்று, கல்லூரியைத் தவிர வேறெங்கும் மாமா தனியாகப் போகக் கூடாதென்று அம்மா விதித்தாள். துணை, நான். சுக்குத் துண்டும் கற்கண்டும் கிராம்பும் கட்டிய துணி முடிச்சு ஒன்று என் பாவாடை நாடாவில் தொங்கும். மாமா கை நீட்டினால் நான் அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் அப்பாவே அவரை எழுப்பிக் கிள்ளியாற்றங்கரை வரை நடக்க அழைத்துப் போனார். யாருக்காகவும் காத்திராமல் விறுவிறுவென்று போய்விடும் அப்பா, வாசலில் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு மாமாவுக்காகக் காத்து நிற்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

மருந்து வேலை செய்யச் செய்ய நோயாளியின் நிலைமை மோசமாயிற்று. மாமா புத்தகத்தைத் திறப்பார், மூடுவார், எழுந்து நடப்பார். என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர், பாவாடை நாடா சுவரில் உரசுகிற சத்தம் தாங்கவில்லை என்று கத்தினார். ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். குழம்பில் உப்பு இருந்தது. சாப்பாட்டைத் தள்ளுவது அப்பாவின் தீர்மானங்களில் சிகரெட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்த குற்றம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அப்பா, “வலியில பண்றான். விடு” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

கொல்லைக் கிணற்றடியில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அருகில் போய், “வலிக்கறதா மாமா?” என்று கேட்டேன்.

“வலிக்காததுதாண்டி வலிக்கறது” என்றார்.

கஷாயம் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். கற்கண்டைப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

சிநேகிதர் இரண்டொரு முறை வந்து பார்த்தார். ஒருமுறை அம்மா வாசலுக்கே வந்து, “நினக்கும் வலியுண்டோ?” என்று அன்பாக விசாரித்து, அவருக்கும் ஒரு டம்ளர் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே சத்தமில்லாமல் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அம்மாவின் தயாள குணத்தை எண்ணி நான் பெருமைப்பட்டேன்.

ஆனாலும் ஊரில் அவர் எங்களைச் சந்திக்காமல் இருக்க முடியுமா? ஒரு மாலை மாமாவும் நானும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தோம். பரீட்சை நெருங்கியிருந்தது. தேங்காயை மாமா ஓங்கி அடித்த வேகத்தில் ஒரு சில்லு என் காலடிக்கே வந்து விழுந்தது. சந்நிதியை விட்டு வெளியே வந்தால், எதிரே வெற்றிலை பாக்கு விற்கும் முறுக்கான் கடை. அதன் கம்பத்தில், சிகரெட் பற்றவைத்துக்கொள்ள, நுனி கனன்றபடி ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சுருட்டை முடிச் சிநேகிதரும் இன்னும் இரண்டு கல்லூரிப் பையன்களும் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கேலி செய்தார்கள். காவலுக்கு ஆள் வைத்திருக்கிறார்களே, கஷாயம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டார்கள் என்பது என் அரைகுறை மலையாளத்துக்கும் புரிந்தது. மாமா சிரிக்கப் பார்த்தார். கண் மட்டும் அந்தக் கயிற்றின் நுனியிலேயே இருந்தது. என்னைப் பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது. சிநேகிதர் நெருங்கி வந்து மாமாவின் தோளில் கை போட்டார். அத்தனை கேலிக்குப் பிறகு அவர் குரல் இரக்கமாகத்தான் இருந்தது.

“ஒரெண்ணம் வலிக்கெடா. ஆரும் அறியில்ல.”

ஒன்றே ஒன்று இழு, யாருக்கும் தெரியாது என்று அவர் சொன்னது, என் காதில் ‘கொஞ்சம் வலிக்கட்டுமே’ என்றுதான் விழுந்தது. சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டு, நடுத்தெருவில், சாமி சந்நிதிக்கு எதிரில், என் நோயாளிக்கு வலி வர வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் துணி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னேன்.

“எங்க மாமாவுக்கு இனிமே வலிக்காது!”

கடைக்காரர் உள்பட எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். நிலைப்படியில் குனிவது போன்ற குனிவு. பிறகு நிமிர்ந்து, தோளில் இருந்த கையை மெல்ல எடுத்துவிட்டு, சிநேகிதரிடம் சொன்னார்.

“கேட்டல்லோ. இனி ஞான் வலிக்கில்ல.”

சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் நடந்தோம். கோட்டை வாசல் தாண்டி, சாலைக் கடைத்தெரு முழுவதும் மாமா என் கையை விடவில்லை. வீடு நெருங்கும்போது கை நீட்டினார். சுக்குத் துண்டைக் கொடுத்தேன். “கற்கண்டு வேண்டாமா?” என்றேன். வேண்டாம் என்று தலையாட்டி, காரமான சுக்கையே மென்றுகொண்டு, நிமிர்ந்து நடந்து வந்தார். வாசலில் தலை இடித்தது. அன்று அவர் குனிய மறந்துவிட்டார்.

அதன் பிறகு மாமா வலிக்கவில்லை, எந்தப் பாஷையிலும். பரீட்சையில் தேறினார், வேலைக்குப் போனார், கலியாணம் செய்துகொண்டார். கலியாணப் பந்தலில் அப்பா சம்பந்திகளிடம் மாப்பிள்ளையின் படிப்பைச் சொல்லவில்லை, சம்பளத்தைச் சொல்லவில்லை. “வலியை ஜெயிச்சவன்” என்று சொன்னார். அவர்கள் ஒன்றும் விளங்காமல் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மாமா என்னைக் காட்டிப் புது மாமியிடம், “இவதான் என்னோட வைத்தியர்” என்றார். நானும் அதை மறுக்கவில்லை.

அதற்குள் அப்பாவுக்கு நாகர்கோவிலுக்கு மாற்றலாகி, நாங்கள் தமிழ் பேசும் ஊருக்குத் திரும்பியிருந்தோம். எனக்கு வாய்த்திருந்த கொஞ்சம் மலையாளமும் போயிற்று. பல வருஷங்களுக்குப் பின், அப்பாவும் போன பிறகு, அம்மாவின் கண் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வந்தேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் இருந்த பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘புகவலி பாடில்ல.’ பக்கத்திலேயே, புரியாதவர்களுக்காக, புகைகிற சிகரெட் ஒன்றைப் படம் போட்டுக் குறுக்கே அடித்திருந்தார்கள்.

என் வைத்தியத் தொழில் அந்த இடத்தில் முடிந்துபோயிற்று.

சிரித்து ஓய்ந்த பிறகு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு ஒரு கண்ணில் கட்டு. “அம்மா, அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

“நான் வலியசாலையில பொறந்தவள்டி” என்றாள்.

“பாவம் அப்பா. கடைசி வரைக்கும் நெஞ்சு வலின்னே நம்பிண்டிருந்தார்.”

அம்மா கட்டுப் போடாத கண்ணால் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு வயதில் என்னைப் பார்த்த அதே நிதானம்.

“ஒங்கப்பாவுக்கு மலையாளந்தான் தெரியாது. மூக்குமா இல்லை?”

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஞாபகம் வந்தது. கரண்டி ஒன்று இலைக்கு மேலே நின்றிருந்தது. சொன்ன சொல்லை விடாத மனுஷர் ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில், போக்கிடம் இல்லாத ஒரு பிள்ளையின் வாழ்வு நின்றிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, ஒரு சொல்லை எந்தப் பாஷையில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள். மார்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண், தான் சொன்னதைப் பெரியவர்கள் நம்பிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.