ஏரிக்கரையில் பைகளோடு

ஜலகாம்பாறை அருவிக்கு நான் போயிருக்கிறேன். ஆனால் அருவியைப் பார்த்ததில்லை. அமிர்தி வனவிலங்குப் பூங்காவுக்குப் போயிருக்கிறேன், மானைப் பார்த்ததில்லை. ஜவ்வாது மலைக்கும் போய் வந்தாயிற்று. அங்கெல்லாம் நான் பார்த்தது பைகளை. பதினாறு பேருடைய கைப்பை, மாற்றுத்துணி, செருப்பு, பிரியாணி தேக்சாப் பாத்திரம். இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தையல் பிரிவில், இருபத்திரண்டு வருஷமாக மெஷின் ஓட்டுகிறேன். எங்கள் லைனில் எல்லோரும் பெண்கள். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பேசிக்கொண்டு பக்கத்து மலைக்கோ அருவிக்கோ போவோம். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மறுநாள் எட்டு மணிக்கு லைன் ஓட வேண்டுமே. எந்த ஊர், எந்த வேன் என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவள் செக்கிங் டேபிளில் இருப்பவள். நாங்கள் தைத்து அனுப்புவதில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. என்னைவிட நாலு வயது சின்னவள். நல்ல வாய். எனக்கோ நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயே திறக்காது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், பேசினால் தப்பாகிவிடுமோ என்ற பயம் சின்ன வயதிலிருந்தே உண்டு.

பை காக்கும் வேலையை யாரும் எனக்கு என்று எழுதி வைக்கவில்லை. முதல் வருஷம் எனக்குக் காலில் சுளுக்கு. நானே உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வருஷம் சுளுக்கு இல்லை. ஆனால் வேனை விட்டு இறங்கியதுமே எல்லாப் பைகளும் என் காலடியில் வந்து விழுந்தன. "அக்கா கீறாங்க, பார்த்துப்பாங்க" என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான். அப்படியே நிலைத்துவிட்டது.

போன வருஷம் ஏலகிரி என்று முடிவானது. அங்கே புங்கனூர் ஏரியில் படகு விடுகிறார்கள். எனக்கு வயது நாற்பத்தாறு. பாலாற்றுக் கரையிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் ஆகி, அங்கேயே இருப்பவள். அந்த ஆற்றில் மணலைப் பார்த்திருக்கிறேன், தோல் ஆலைக் கழிவு நுரையைப் பார்த்திருக்கிறேன், முள்செடியைப் பார்த்திருக்கிறேன். படகைப் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது படகில் உட்கார வேண்டும் என்று ஆசை. மூன்று நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் செக்கிங் டேபிளுக்குப் போனேன்.

"இந்த வாட்டி நானும் போட்ல ஏறணும்."

"ஏறுக்கா, யாரு வேணான்னா? இத சொல்றதுக்கா இவ்ளோ கூச்சம்? பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால நிக்கிற மாதிரி நிக்கிற!" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் சாப்பிட்டு முடித்து, மூன்று மணிக்கு ஏரிக்கரைக்கு வந்தோம். மரத்தடியில் பைகள் குவிந்தன. மேலே கிளையில் குரங்குகள். யாராவது ஒருத்தர் நிற்காமல் முடியாது என்பது எனக்கும் தெரியும்.

"அக்கா, ஒரு ரவுண்டு குந்து. நாங்க போய்ட்டு வந்து உன்னிய அனுப்புறோம். நான் வந்து குந்திக்கிறேன், போதுமா?" என்றாள் அவள்.

சரி என்று உட்கார்ந்தேன்.

இங்கே எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லைன் ஓடும்போது மெஷினை விட்டு யாரும் எழுந்துவிட முடியாது. பாத்ரூம் போக வேண்டும் என்றாலும் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் என்று ஒருத்தி வருவாள். அவள் வந்து நம் நாற்காலியைப் பிடித்த பிறகுதான் எழுந்திருக்கலாம். வரும் வரை அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படியே உட்கார்ந்து பழகிய உடம்பு இது. அந்த மரத்தடியிலும் நான் ரிலீவருக்குத்தான் காத்திருந்தேன். என் முட்டாள்தனம்.

முதல் ரவுண்டு முடிந்தது. நாலு நாலு பேராக இறங்கினார்கள். அவள் என் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பிறகு பெடல் போட்டில் ஏறினாள். அது முடிந்ததும் மிளகாய் பஜ்ஜிக் கடைப் பக்கம் போனார்கள். அங்கிருந்து போட்டோ எடுக்கப் போனார்கள். நான் எழுந்து இரண்டடி வைத்தேன். ஒரு குரங்கு கீழே இறங்கியது. மறுபடியும் உட்கார்ந்தேன். மற்ற குடும்பங்கள் எல்லாம் ஏறி ஏறி இறங்கின. வெயில் ஏரியை விட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. ஐந்து மணி ஆகப்போகிறது.

வேன் ஹாரன் அடித்தபோதுதான் அவர்கள் வந்தார்கள். கையில் மலைப் பலாப்பழம்.

"அய்யய்யோ! அக்காவ மறந்தே போய்ட்டோம்" என்றாள் அவள். பிறகு தன் பையைத் தூக்கிக்கொண்டே, "வுடுக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். உனக்குதான் தண்ணின்னா பயமாச்சே" என்றாள்.

மறந்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். எனக்குத் தண்ணீர் பயம் என்று எப்போது சொன்னேன்? யாரிடம் சொன்னேன்? என்னை உட்கார வைத்ததும் இவர்கள், அதற்கு ஒரு காரணத்தைக் கட்டிவிட்டதும் இவர்கள். அதுவும் என் பெயரில்!

"யாரு சொன்னது?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பஜ்ஜிக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, சும்மா சொன்னதுக்கு…"

"யாரு சொன்னது எனக்குப் பயம்னு? உன் வாய்க்கு வந்தத சொல்லுவியா? நான் போறேன். வேன் நிக்கட்டும்."

"டைம் ஆச்சுக்கா, டிரைவர் பேஜார் பண்றான்…"

"பண்ணட்டும்."

போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. குரங்கு தேக்சாவையே தூக்கிக்கொண்டு போனாலும் பார்த்திருக்க மாட்டேன். கவுண்ட்டரில் இருந்தவர், "தனியாவா? கடைசி ரவுண்டும்மா, சீக்கிரம்" என்று சொல்லித் துடுப்புப் படகில் ஏற்றினார். ஆரஞ்சு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். இதற்காகத்தான் இத்தனை வருஷம் ஏங்கினேன். ஆனால் தண்ணீரைப் பார்க்கவே முடியவில்லை. கண் கரையிலேயே இருந்தது. அங்கே நின்றவர்களையே முறைத்துக்கொண்டு ஒரு சுற்று முடிந்துவிட்டது. என் படகுச் சவாரியையும் அவர்கள்தான் பறித்துக்கொண்டார்கள். அந்த எரிச்சல் இன்றைக்கும் போகவில்லை.

வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். முன்சீட்டிலிருந்து அவள் பலாச்சுளையை நீட்டினாள். வாங்கவில்லை. "இவ்ளோ கோவமாக்கா உனக்கு? பேசவே தெரியாதுன்னு நெனச்சோமே" என்றாள் பின்னால் இருந்த ஒரு பெண்.

மலையை விட்டு இறங்கப் பதினாலு வளைவு. முதல் வளைவிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஜலகாம்பாறையில் ஈரக் கையோடு வந்து என் மடியிலிருந்த துண்டை உருவிக்கொண்டு போனது யார், ஒருத்தியாவது "நீயும் குளிக்கா" என்று சொன்னாளா என்று கேட்டேன். அமிர்தியில் மானைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் போனில் போட்டோ காட்டினீர்களே, எனக்குக் கண் இல்லையா என்று கேட்டேன். ஜவ்வாது மலையில் ஒரு ஜோடிச் செருப்பு காணாமல் போனதற்கு என்னைத்தானே திட்டினீர்கள் என்றேன். எல்லாம் ஞாபகம் இருந்தது, வரிசையாக வந்தது. ஒவ்வொரு வளைவிலும் வேன் சாயும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினேன். தொண்டை கட்டிப்போனது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பேசினேன்.

செக்கிங் டேபிள்காரி ஒரு தடவை வாயைத் திறந்தாள். "நான் இன்னும் முடிக்கல" என்றேன். மூடிக்கொண்டாள்.

ஆம்பூர் வரும் வரை வேனில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.